பேஸ் காம்போவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்: 8 ஓமா, 4 ஓமா, எந்த ஒயர்?

நாலாம்தந்தி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். என் பேஸ் கிட்டாருக்கு இருக்கிறது ஃபெண்டர் ரம்பிள் 500 காம்போ (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில), மூணாவது வெர்ஷன், உள்ளே ரெண்டு 10 இஞ்ச் ஸ்பீக்கர். ஹாலுக்குள்ள வாசிக்க தாராளமா போதும். திறந்தவெளி மேடைன்னா டிரம்ஸும் ரெண்டு கீபோர்டும் சேர்ந்ததும் ஈ தந்தி (தடிச்ச அடித்தந்தி) காணாமப் போயிடுது. வால்யூமை ஏத்தினா சத்தம்தான் கூடுது, அடி கூடல. ஒரு கட்டத்துக்கு மேல கோன் (ஸ்பீக்கர்ல முன்னும் பின்னும் ஆடுற கூம்பு) படபடன்னு அடிக்குது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் (வெளியே தனியா மாட்டுற ஸ்பீக்கர் பெட்டி) ஒண்ணு சேர்க்கலாம்னு இருக்கேன். மூணு வாய்ப்பு இருக்கு.

ஒண்ணு, அதே ரம்பிள் வரிசையில 2x10 (ரெண்டு 10 இஞ்ச் ஸ்பீக்கர்) பாக்ஸ், 8 ஓம். ரெண்டாவது, பழைய 15 இஞ்ச் பாக்ஸ் ஒண்ணு பாதி விலைக்கு வருது. லேபிள் கிழிஞ்சிருக்கு, 4 ஓம்னு சொல்றாங்க. மூணாவது, ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு 10 இஞ்ச் 8 ஓம் ஸ்பீக்கர் வாங்கி அசெம்பிள் பண்ணிக்கிறது.

எதை எடுத்தா ஆம்ப்புக்கு ஆபத்து இல்லாம முழு 500 வாட்ஸும் வரும்? கிட்டார் கேபிளையே போட்டுக்கலாமா, தனி ஒயர் வேணுமா? காம்போவையும் பாக்ஸையும் மேடையில ஆளுக்கொரு பக்கம் வைக்கலாமா?

மேடைஒலி

முதலில் ஓம் கணக்கு. ஓம் என்பது ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் கொடுக்கும் தடை; அது குறையக் குறைய ஆம்ப்பிலிருந்து அதிக ஆம்பியர் இழுக்கும். அது சரியாக இருந்தால்தான் மற்றதைப் பேசவே முடியும்.

ரம்பிள் 500-இன் உள்ளே இருக்கும் ஜோடி சேர்ந்து 8 ஓம். அது மட்டும் ஓடும்போது ஆம்ப் கொடுப்பது 350 வாட்ஸ். பெயரில் இருக்கும் 500, மொத்தச் சுமை 4 ஓமாக இருக்கும்போதுதான் வரும். பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் அவுட், உள் ஸ்பீக்கருக்கு பேரலலாக (பக்க இணைப்பாக) போகிறது; அப்படி இணைத்தால் மொத்த ஓம் குறையும். எனவே வெளியே 8 ஓம் மாட்டினால் 8-ம் 8-ம் சேர்ந்து 4 ஓம். வெளியே 4 ஓம் மாட்டினால் மொத்தம் 2.67 ஓம். உங்கள் ஆம்ப்பின் குறைந்தபட்சம் 4. ஆக 8 ஓமுக்குக் குறைந்த எந்தப் பாக்ஸும் இதில் சேராது. அந்த 15 இஞ்ச் உண்மையிலேயே 4 ஓம் என்றால் அதை மறந்துவிடுங்கள்.

2.67-ல் என்ன ஆகும் என்று பலரும் கேட்பார்கள். 4 ஓமில் 500 வாட்ஸ் என்றால் சுமார் 45 வோல்ட், 11 ஆம்பியர். அதே 45 வோல்ட்டை 2.67 ஓமில் கொடுக்க முயன்றால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர் இழுக்கும். அவுட்புட் டிரான்சிஸ்டரும் பவர் சப்ளையும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இது போன்ற கிளாஸ் டி (சுவிட்சிங் முறை) ஆம்ப் பெரும்பாலும் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டு ஒலியை வெட்டிவிடும். ஆனால் எப்போது வெட்டும் என்பதுதான் சிக்கல். வீட்டில் மெதுவாக வாசித்துப் பார்க்கும்போது ஒரு கோளாறும் தெரியாது. கச்சேரியில் டிரம்மர் வேகமெடுத்து, நீங்களும் ஈ தந்தியை அழுத்தி வாசிக்கும் அந்த இடத்தில்தான் ஆம்ப் சட்டென்று ஊமையாகும்.

அடுத்து, 500 வாட்ஸ் பற்றி. 350-லிருந்து 500 போவது வெறும் 1.5 டெசிபெல். அது மட்டும் கிடைத்தால் காதுக்கே சரியாகத் தெரியாது. அந்த 500-ம் இரண்டாகப் பிரிகிறது: உள் ஸ்பீக்கருக்கு 250, வெளி பாக்ஸுக்கு 250. அதாவது பாக்ஸ் மாட்டியபின் உங்கள் உள் ஸ்பீக்கர் வாங்கும் வாட்ஸ் முன்பைவிடக் குறைகிறது. அது நல்லதுதான். உண்மையான லாபம் கோன் பரப்பு இரட்டிப்பாவதில் இருக்கிறது. இரண்டு பாக்ஸும் ஒட்டி இருந்தால் அடிச்சுரங்களில் அதற்கு மட்டும் இன்னொரு 3 டெசிபெல். மொத்தம் நாலரை டெசிபெல் அளவுக்கு ஏற்றம்.

நீங்கள் சொன்ன படபடப்புக்கும் மருந்து அதுவே. ஈ தந்தியின் அடிச்சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழே போக கோன் நிறைய முன்னும் பின்னும் ஓட வேண்டும். இரண்டு கோன் ஓடி எல்லையைத் தொட்ட வேலையை நான்கு கோன் பகிர்ந்துகொண்டால், அதே சத்தத்துக்கு ஒவ்வொன்றும் பாதி தூரம் ஓடினால் போதும். வாட்ஸைப் பார்த்துப் பாக்ஸ் வாங்காதீர்கள், கோன் பரப்பைப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது வாய்ப்பில், இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை பேரலலாகப் போட்டால் பாக்ஸ் 4 ஓம் ஆகிவிடும். மறுபடியும் 2.67. சீரிஸாக (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டால் 16 ஓம், காம்போவோடு சேர்ந்து 5.33. ஆம்ப்புக்குப் பாதுகாப்பு, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு பவர் உள்ளேயும் ஒரு பங்கு மட்டும் வெளியேயும் போகும். வெளி பாக்ஸ் பின்தங்கியே ஒலிக்கும். அசெம்பிள் பண்ணுவதென்றால் 16 ஓம் ஸ்பீக்கர் இரண்டை பேரலலாகவோ, 4 ஓம் இரண்டை சீரிஸாகவோ போட்டு 8 ஓம் பாக்ஸ் ஆக்குங்கள். பெட்டியின் கொள்ளளவும் போர்ட் (காற்றுத் துளை) அளவும் அந்த ஸ்பீக்கருக்குக் கணக்குப் போட்டதாக இருக்க வேண்டும். கிடைத்த பெட்டியில் கிடைத்த ஸ்பீக்கரைப் பொருத்தினால் ஒரு சுரம் மட்டும் உறுமும், பக்கத்துச் சுரம் செத்துக் கிடக்கும்.

ஈயப்பற்று

ஒயர் விஷயத்தை நான் சொல்றேன். கிட்டார் கேபிள் போடவே கூடாது. ரெண்டு முனையிலும் கால் இஞ்ச் ஜாக் இருக்கிறதால ஒரே மாதிரி தெரியும், உள்ளே அமைப்பே வேற. கிட்டார் கேபிள்ல நடுவுல மெல்லிசான ஒரு கம்பி, சுத்தி ஷீல்டு. அந்த நடுக்கம்பி பல கேபிள்ல 0.2 ஸ்கொயர் எம்.எம். அளவுதான். மூணு மீட்டருக்கு நடுக்கம்பி மட்டுமே கால் ஓம். 250 வாட்ஸ் ஓடும்போது அதுல அஞ்சரை ஆம்பியர் போகும், ஏழெட்டு வாட்ஸ் ஒயர்லயே சூடாகும். இன்சுலேஷன் இளகி ஷீல்டும் நடுக்கம்பியும் தொட்டுக்கிட்டா அவுட்புட் நேரா ஷார்ட்.

உங்களுக்கு வேண்டியது ரெண்டு கோர் ஒயர், 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு, பல இழை. எலக்ட்ரிக்கல் கடையில "ரெண்டரை ஸ்கொயர் டூ கோர் ஃபிளெக்ஸிபிள், ரவுண்டு"ன்னு கேட்டா கொடுப்பாங்க. காம்போவுக்குக் கீழயே பாக்ஸ் இருக்கப் போகுதுன்னா ஒன்றரை மீட்டர் போதும். அவ்வளவு குறைஞ்ச நீளத்துக்கு 1.5 ஸ்கொயரும் தாங்கும்.

ரெண்டு பக்கமும் ஸ்பீக்கான் (சுத்திப் பூட்டுற ஸ்பீக்கர் கனெக்டர்) இருந்தா ஸ்பீக்கான்தான் போடணும். என்எல்4 வகைல நாலு முனை இருக்கும்: 1+, 1-, 2+, 2-. நமக்கு 1+ மற்றும் 1- மட்டும். வெளி உறையை 20 எம்.எம். உரிச்சு, உள் கம்பிகளை 8 எம்.எம். உரிச்சு, முறுக்கி உள்ளே விட்டு ஸ்க்ரூவை இறுக்குங்க. ஸ்க்ரூ டைப்புக்கு ஈயம் வைக்காதீங்க. ஈயம் பூசின கம்பி அழுத்தத்துல நாளடைவில நசுங்கி, ஸ்க்ரூ லூஸ் ஆகிடும். மேடை அதிர்வுக்கு அது சீக்கிரமாவே நடக்கும். மாட்டும்போது உள்ளே தள்ளி வலப்பக்கம் கால் சுத்து, "டக்"னு பூட்டணும். பூட்டலைன்னா தொடர்பு அரைகுறைதான்.

சில பழைய பி.ஏ. (ஜனங்களுக்கான ஒலிபெருக்கி) பாக்ஸ்ல 2+ 2- முனைக்குக் கொடுத்திருப்பாங்க. சத்தமே வரலைன்னா பாக்ஸைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.

இன்னும் ரெண்டு எச்சரிக்கை. ஸ்பீக்கர் பாக்ஸுக்கு மூணு பின் கரண்டு பிளக்கும் சாக்கெட்டும் வைக்கிற பழக்கம் நம்ம ஊர்ல இன்னும் இருக்கு. தயவுசெஞ்சு வேண்டாம். இருட்டுல யாராவது 230 வோல்ட் போர்டுல சொருகிட்டா வாய்ஸ் காயில் (கோனை ஆட்டுற கம்பிச்சுருள்) எரியும், பாக்ஸைத் தொட்டுக்கிட்டு இருக்கிறவருக்கும் ஆபத்து. அடுத்தது, ஹால்ல சுவர்ல மாட்டியிருக்கிற நீள 'காலம்' (தூண்) ஸ்பீக்கர்களை காம்போவோட சேர்க்காதீங்க. பலது 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர் வச்சது. அது வேற முறை, பேஸுக்கும் ஒத்துவராது.

கிளாஸ் டி ஆம்ப் பலதுலயும் அவுட்புட் பிரிட்ஜ் முறைல இருக்கும். மைனஸ் முனையிலயும் வோல்ட் இருக்கும், அது எர்த் கிடையாது. அதனால ஸ்பீக்கர் அவுட்டை மிக்சருக்கோ பவர்டு ஸ்பீக்கருக்கோ கொடுக்கவே கூடாது. ஜாக்கோட உலோக உறை வேற எந்தச் சட்டத்தையும் தொடாம பாத்துக்கணும். ஸ்பீக்கானை நான் அழுத்திச் சொல்றதுக்கு இதுவும் காரணம்: தொடுற மாதிரி உலோகம் வெளியே இல்லை.

நாலாம்தந்தி

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணா. அந்த 15 இஞ்ச் பாக்ஸை மல்டிமீட்டர்ல பார்த்தேன், 5.9 காட்டுது. அப்ப இது 6 ஓமா? இது எந்தக் கணக்குல வரும்? காம்போவோட எக்ஸ்டென்ஷன் ஜாக்லயும் வச்சுப் பார்த்தேன், எண் நிக்காம ஓடுது.

ஈயப்பற்று

5.9 காட்டினா அது 8 ஓம் பாக்ஸ். மல்டிமீட்டர் அளக்கிறது டி.சி. ரெசிஸ்டன்ஸ், அது லேபிள்ல எழுதுற இம்பீடன்ஸை (ஒலி ஓடும்போது இருக்கிற தடை) விட எப்பவும் குறைவு. 8 ஓம்னு சொல்ற ஸ்பீக்கர் அஞ்சரையிலிருந்து ஏழுக்குள்ள காட்டும். 4 ஓம்னா மூணுல ஆரம்பிச்சு மூணரை சொச்சம் வரைக்கும். அளக்கிறதுக்கு முன்னாடி மீட்டரோட ரெண்டு முனையையும் ஒண்ணா தொட்டுப் பாருங்க. 0.3, 0.4 காட்டினா அதைக் கழிச்சுக்கணும். கழிச்சாலும் உங்க பாக்ஸ் 8 ஓம்தான்.

ஆம்ப்போட ஜாக்ல மீட்டர் வைக்காதீங்க. அங்க ஸ்பீக்கரோட சேர்ந்து அவுட்புட் சர்க்யூட்டும் இருக்கு, அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. உள் ஸ்பீக்கரை அளக்கணும்னா கரண்டைப் பிடுங்கிட்டு, ஸ்பீக்கருக்குப் போற கிளிப்பைக் கழட்டி, ஸ்பீக்கர் பக்கம் அளக்கணும்.

அளக்கும்போதே கோனை ரெண்டு உள்ளங்கையாலயும் மெதுவா, நேரா அமுக்கி விடுங்க. உரசுற சத்தம் கேட்டா வாய்ஸ் காயில் கோணிடுச்சுன்னு அர்த்தம், பாதி விலைக்கும் வேண்டாம்.

அடுத்தது போலாரிட்டி (பிளஸ், மைனஸ் திசை). பழைய பாக்ஸுக்கு இது கட்டாயம். 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி ஒண்ணு எடுத்து, பிளஸ்ஸை பாக்ஸோட 1+ல, மைனஸ்ஸை 1-ல ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்க. கோன் வெளியே வரணும். உங்க காம்போ ஸ்பீக்கரையும் கிளிப் கழட்டி அதே மாதிரி பாருங்க. ஒண்ணு வெளியேயும் ஒண்ணு உள்ளேயும் போனா, ரெண்டும் காத்தை எதிரெதிரா தள்ளி அடிச்சுரம் அழிஞ்சிடும். பாக்ஸ் சேர்த்தப்புறம் பேஸ் குறைஞ்சுபோச்சுன்னு வர்ற புகார்ல முதல்ல பார்க்க வேண்டியது இதுதான். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர் சிலதுல சிவப்பு முனைக்கு பிளஸ் கொடுத்தா கோன் உள்ளே போகும், நிறத்தை மட்டும் நம்பாதீங்க. மாறியிருந்தா பாக்ஸுக்குள்ள ஸ்பீக்கர் கிளிப்பை மாத்திப் போடுங்க. கேபிளைக் குறுக்கே போட்டு சரி பண்ணினா, அந்தக் கேபிள் நாளைக்கு வேற பாக்ஸுக்குப் போய் அங்க குழப்பம் பண்ணும்.

கீழ்ஸ்தாயி

15 இஞ்ச் 8 ஓம் என்று தெரிந்துவிட்டதால் மின்சாரக் கணக்கில் தடை இல்லை. ஆனாலும் என் பரிந்துரை அதே வரிசை 2x10 தான். காரணம் சொல்கிறேன்.

15 இஞ்ச் என்றாலே அடி கூடுதல் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கோன் விட்டம் மட்டும் அதை முடிவு செய்வதில்லை. பெட்டியின் கொள்ளளவு, போர்ட் எந்த ஹெர்ட்ஸுக்கு வைக்கப்பட்டது, கோன் எவ்வளவு தூரம் ஓடும் என்ற மூன்றும் சேர்ந்துதான் முடிவு செய்யும். நல்ல 2x10 பல 15 இஞ்ச் பாக்ஸை விடக் கீழே போகும்.

இரண்டாவது, பவர் பங்கீடு. இரண்டும் 8 ஓம் என்றால் பாக்ஸுக்கு 250 வாட்ஸ் வீதம் சமமாகப் போகும். காம்போவில் அந்த 250-ஐ இரண்டு ஸ்பீக்கர் பகிர்ந்துகொள்ளும், ஆளுக்கு 125. 15 இஞ்சில் ஒரே ஸ்பீக்கர் முழு 250-ஐயும் தாங்க வேண்டும். ஹெட்டுக்கு (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) 4x10-ஐயும் 1x15-ஐயும் சேர்ப்பவர்களிடம் இது இன்னும் மோசம்: ஒவ்வொரு 10 இஞ்சும் 60 சொச்சம் வாட்ஸ் வாங்கும்போது 15 இஞ்ச் மட்டும் 250 வாங்கும். முதலில் கிழிவது 15 தான். லேபிள் கிழிந்த பாக்ஸ் எத்தனை வாட்ஸ் தாங்கும் என்பது யாருக்கும் தெரியாது. அதை முழு வேகத்தில் ஓட்டுவது சூதாட்டம். ரம்பிள் 2x10 பாக்ஸ் 350 வாட்ஸ் தாங்கும், அதற்குப் போவது 250. இங்கே கவலைப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, வேறு வேறு ஸ்பீக்கர்கள் ஒரே சுரத்தை ஒரே கட்டத்தில் தள்ளுவதில்லை. சில சுரங்கள் சேர்ந்து பெருகும், சில தேயும். எங்கே என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே ஸ்பீக்கர், ஒரே அளவுப் பெட்டி என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஏற்கெனவே கையில் 15 இருக்கிறவர் அதை வைத்துச் சமாளிக்கலாம். காசு கொடுத்து வாங்கப் போகிறவர் அதை ஏன் வாங்க வேண்டும்?

நீங்கள் கேட்ட இடவைப்பு: ஆளுக்கொரு பக்கம் வைக்கக் கூடாது. 82 ஹெர்ட்ஸின் அலைநீளம் 4 மீட்டருக்குச் சற்று மேல். ஈ தந்தியில் நாம் காதால் பிடிப்பது பெரும்பாலும் அடிச்சுரத்தின் இரு மடங்கான அந்த 82 ஹெர்ட்ஸைத்தான். கேட்பவருக்கு ஒரு பாக்ஸ் மற்றதைவிட 2 மீட்டர் தள்ளி இருந்தால் அந்த இடத்தில் 82 ஹெர்ட்ஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேடையில் டிரம்மருக்குக் கேட்கும், பாடகருக்குக் கேட்காது, நீங்கள் ரெண்டடி நகர்ந்தால் எல்லாம் மாறும்.

பாக்ஸைக் கீழே வைத்து அதன் மேல் காம்போவை வையுங்கள். முகப்புகள் ஒரே கோட்டில் இருக்கட்டும். மேல் ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்தில் வருவதால் வால்யூமை ஏற்றாமலே உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். பலகை மேடை உள்ளே கூடாக இருந்தால் தரையே உறுமும். பாக்ஸுக்குக் கீழே கனமான ரப்பர் பாய் போடுங்கள். இரண்டிலும் டுவீட்டர் (கூர்மையான சுரங்களுக்கான சிறு ஸ்பீக்கர்) இருந்தால் மேலே இருப்பதை மட்டும் விட்டு, கீழே இருப்பதை சுவிட்ச் இருந்தால் அணைத்துவிடுங்கள். இரண்டு டுவீட்டரும் ஒலித்தால் தந்தி உரசல் சத்தம் கூர்மையாகக் குத்தும்.

ஐந்து தந்தி பேஸ் என்றால் கீழ் பி சுமார் 31 ஹெர்ட்ஸ். போர்ட் வைக்கப்பட்ட ஹெர்ட்ஸுக்குக் கீழே போனதும் கோனுக்குக் காற்றின் பிடிமானம் போய்விடும், வெறுமனே ஆடும். பேஸ் குமிழை முழுக்கத் திருப்பாமல், 35 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஹைபாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழே உள்ளதைக் குறைப்பது) ஒன்று வைத்துக்கொண்டால் அதே ஆம்ப்பில் இன்னும் சத்தம் எடுக்கலாம்.

பழையவால்வ்

வால்வ் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதிலா கண்ணாடிக் குழாய் உள்ளது) காம்போ வச்சிருக்கிறவங்களுக்கும் இதே கணக்கா? டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதால எந்த ஓமும் ஒத்துக்கும்னு ஒருத்தர் சொன்னார்.

மேடைஒலி

ஒத்துக்கொள்ளாது. டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் குறைந்தபட்ச ஓமுக்கு மேலே எவ்வளவு இருந்தாலும் பாதகமில்லை, பவர் குறையும், அவ்வளவுதான். வால்வ் ஆம்ப்பில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முனையும் மொத்தச் சுமையும் பொருந்த வேண்டும். உள்ளே 8 ஓம், வெளியே 8 ஓம் என்றால் சுவிட்சை 4-க்கு மாற்ற வேண்டும். 1950-களின் இறுதியில் வந்த ஃபெண்டர் பேஸ்மேன் 4x10 காம்போவில் நான்கு 8 ஓம் ஸ்பீக்கர் பேரலலாக, மொத்தம் 2 ஓம். டிரான்ஸ்ஃபார்மரும் அந்த 2 ஓமுக்கே சுற்றப்பட்டது.

ஸ்பீக்கரே இல்லாமல் வால்வ் ஆம்ப்பை ஓட்டக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட் எகிறி உள்ளே பொறி பறந்து சுற்று எரிந்துவிடும். அதற்காகவே பழைய ஃபெண்டர் வால்வ் ஆம்ப்களின் முதன்மை ஸ்பீக்கர் ஜாக்கில், எதுவும் சொருகாதபோது அவுட்புட் தானாக ஷார்ட் ஆகும்படி வைத்திருப்பார்கள். முதன்மை ஜாக்கைக் காலியாக விட்டு எக்ஸ்டென்ஷன் ஜாக்கில் மட்டும் பாக்ஸ் மாட்டினால் சத்தம் வராது.

நாலாம்தந்தி

அப்ப 2x10 தான் எடுக்கப் போறேன். அதுக்குப் பின்னாடியும் ரெண்டு ஜாக் இருக்கே, நாளைக்குப் பெரிய மேடைக்கு இன்னொரு 8 ஓம் பாக்ஸை அதிலிருந்து எடுத்துக் கொடுக்கலாமா? கனெக்ட் பண்றதுக்கு வரிசை ஏதாவது இருக்கா?

ஈயப்பற்று

பாக்ஸ்ல இருக்கிற ரெண்டு ஜாக்கும் உள்ளே பேரலல். எதுல வேணும்னாலும் காம்போவிலிருந்து வர்ற ஒயரைச் சொருகலாம். இன்னொண்ணுலேர்ந்து மூணாவது 8 ஓம் பாக்ஸுக்கு எடுத்தா மொத்தம் மறுபடியும் 2.67. கூடாது. பெரிய மேடைக்கு காம்போவோட டி.ஐ. அவுட்டை (மிக்சருக்கான தனி அவுட்) மிக்சருக்குக் கொடுத்து, ஜனங்களுக்கு பி.ஏ. வழியா அனுப்புங்க. காம்போவும் பாக்ஸும் மேடைக்கு மட்டும்.

வரிசை: ஆம்ப்பை அணைச்சுட்டு மாஸ்டர் வால்யூமை சைபர்ல வைங்க. பாக்ஸ் பக்கம் முதல்ல சொருகிப் பூட்டுங்க, அப்புறம் ஆம்ப் பக்கம். ஆன் பண்ணி ஏ தந்தியை வாசிச்சுக்கிட்டே வால்யூமை ஏத்தி, ரெண்டு பாக்ஸ்லயும் கையை வச்சு கோன் ஓடுதான்னு பாருங்க. கழட்டும்போது முதல்ல ஆம்ப்பை அணைக்கணும். கால் இஞ்ச் ஜாக்னா இது ரொம்ப முக்கியம். ஓடிக்கிட்டு இருக்கும்போது உருவினா, ஜாக் வெளியே வர்ற அந்த நொடியில முனையும் உறையும் ஒட்டி ஷார்ட் ஆகும்.

கச்சேரி நடுவுல புரொட்டெக்‌ஷன் விளக்கு எரிஞ்சா, அணைச்சு எக்ஸ்டென்ஷன் ஒயரை மட்டும் கழட்டிட்டு திரும்ப ஆன் பண்ணுங்க. காம்போ ஒழுங்கா வாசிச்சா தப்பு ஒயர்லயோ பாக்ஸ்லயோ இருக்கு. அப்பவும் விளக்கு எரிஞ்சா பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்க, சூடா இருக்கும். திரைச்சீலையை ஒட்டி வச்சு காத்தோட்டத்தை அடைச்சிருப்பாங்க. ஒரு அடி முன்னாடி இழுத்து வச்சு, பத்து நிமிஷம் ஆறவிட்டு ஆன் பண்ணுங்க.